நீலம் திரும்பும் வழி

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் எம் பாட்டனார் ஒரு தாளை எம்மிடம் நீட்டி, "தம்பி, நீ கல்லூரியிலே வாசிக்கிற பிள்ளை. இதிலே என்ன எழுதியிருக்கிறதென்று படித்துச் சொல்" என்றார். யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணாக்கர். நன்னூற் சூத்திரம் ஒன்றுக்குப் பொருள் கேட்டிருப்பாராயின், தட்டுத் தடுமாறியேனும் சொல்லியிருப்போம். அத்தாளோ ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு பயிர் ஒப்பந்தம். ஆயினும் படித்தவன் என்ற பெயரைக் காத்துக்கொள்ள வேண்டுமே! அகராதியின் துணைகொண்டு வரி வரியாய்ப் பொருள் சொன்னோம்.

எம் ஊர் திண்டிவனத்திற்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூர். பாட்டனாருக்கு அங்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. நெல்லும் மணிலாவும் உளுந்தும் அதில் மாறி மாறி விளையும். நிலத்தின் ஓரத்தில் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய தொட்டி ஒன்று பாதி மண்மூடிக் கிடக்கின்றது. அதனை ஊரார் அவுரித் தொட்டி என்பர். பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் அவுரிச் செடியை அதில் ஊறவைத்து நீலம் எடுத்தனராம். எமக்கு நினைவு தெரிந்த நாள்முதல் ஆடு கட்டுவதற்கே அது பயன்பட்டு வந்தது.

தாளைக் கொணர்ந்த வணிகர் கேட்டது இது: மூன்று ஏக்கரிலும் மூன்றாண்டுகளுக்கு அவுரியே பயிரிட வேண்டும், விதையும் முன்பணமும் அவர் தருவார், விளைந்த தழையை அவர் குறிக்கும் விலைக்கு அவருக்கே விற்றல் வேண்டும். மேல்நாடுகளிற் பெட்ரோலியத்தினின்று செய்த சாயத்தை வெறுத்துச் செடிச் சாயத்தை விரும்புவோர் பெருகிவிட்டனர் என்று அவர் கூறிச் சென்றாராம். இதைக் கேட்டதும் எமக்கு உள்ளம் பூரித்தது. பூமி வெப்பமடைவதைப் பற்றிச் சொற்போர் மன்றத்தில் முழங்கிப் பரிசு பெற்றவரல்லமோ யாம்? "தாத்தா, கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உங்களுக்கும் நன்மை, உலகத்திற்கும் நன்மை" என்றோம்.

பாட்டனார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு தொட்டியைக் காட்டி, "இந்த நீலம் வேண்டாமென்றதனால்தானே அது மண்மூடிப் போயிற்று? வேண்டாமென்றவர்கள் இப்போது வேண்டும் என்கிறார்களே, ஏன்? நாளைக்கு மறுபடியும் வேண்டாம் என்றால் நான் என்ன செய்வேன்?" என்றார்.

எமக்கு விடை தெரியவில்லை. ஆடி முடிவதற்குள் முடிவு சொன்னாற் போதும் என்று வணிகர் தவணை கொடுத்திருந்தார். அவ்வினாவைச் சுமந்துகொண்டு கல்லூரி விடுதிக்குத் திரும்பினோம்.

எம் அறைத்தோழர் இரசாயன ஆனர்ஸ் மாணாக்கர். இலக்கண மாணாக்கர்பால் அவருக்கு ஓர் இரக்கம் உண்டு. யாம் வினாவைச் சொன்னதும் அவர் எம் ஜீன்ஸ் காற்சட்டையைச் சுட்டி, "உன் தாத்தாவுக்குச் சொல்லவேண்டிய விடையை நீ இடுப்பிலே அணிந்திருக்கிறாய்" என்று நகைத்தார். அன்றிரவு விளக்கணைக்கும் மணி அடித்த பின்னும் அவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னவற்றையும், பின்னர் யாம் நூலகத்தில் அமர்ந்து கற்றவற்றையும் ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

நீலச் சாயத்தின் மூலக்கூறு ஒன்றில் 16 கரியணுக்களும், 10 ஹைட்ரஜன் அணுக்களும், நைட்ரஜன், ஆக்ஸிஜன் என்பனவற்றில் இவ்விரண்டு அணுக்களும் உள்ளன. அம்மூலக்கூறு அவுரித் தழையினின்று வரினும், ஆலையினின்று வரினும் ஒன்றே. வேறுபாடு அதன் உருவில் இல்லை. அக்கரி எங்கிருந்து வந்தது என்பதிலேதான் உளது. ஆகவே பாட்டனாரின் வினா உண்மையிற் கரியின் வழியைப் பற்றியதே.

அவ்வழியை ஆராயப் புகுந்தபோது எம் தமிழ் மனம் துள்ளிக் குதிக்கும்படி ஒரு சொல் அகப்பட்டது. இன்று ஆலைகளில் நீலம் செய்வதற்கு அடிப்படையாய் நிற்பது அனிலின் என்னும் எண்ணெய்போன்ற ஒரு நீர்மம். அப்பெயர் எங்கிருந்து வந்தது? நீலம் என்று நாமும், நீல என்று வடமொழியாளரும் வழங்கும் சொல் பாரசீகத்திலும் அரபியிலும் புகுந்தது. அரபிச் சுட்டுச்சொல்லைத் தலையிற் சேர்த்துக்கொண்டு போர்ச்சுகீசியர் வாயில் அனில் என்றாயிற்று. 1826-ஆம் ஆண்டில் ஒட்டோ உன்வெர்டோர்பன் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்து இந்நீர்மத்தை முதன்முதற் பெற்றார். 1840-இல் பிரிட்சே என்பார் மீண்டும் நீலத்தினின்றே இதனைப் பெற்று, அச்சொல்லைக்கொண்டு அனிலின் எனப் பெயரிட்டார். எனவே அனிலின் பிறந்த வீடு அவுரித் தோட்டமே. பின்னரே அது வேறு வீடு புகுந்தது.

புகுந்த வீடு யாது? நிலக்கரித் தார். தெருவிளக்கு எரிப்பதற்காக நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்த காலத்தில், அடியிற் கழிவாய்த் தேங்கிய நாற்றமுள்ள கருங்குழம்பு அது. அதனை எங்கே கொட்டுவதென்று அறியாது திகைத்தனர். 1834-இல் ருங்கே என்பார் அக்குழம்பினின்று ஒரு நீர்மத்தைப் பிரித்தார். அதுவும் நீலத்தினின்று வந்த அனிலினும் ஒன்றே என்பதை 1843-இல் ஹோப்மன் மெய்ப்பித்தார். அவருடைய மாணாக்கரான வில்லியம் பெர்க்கின், 1856-இல் அனிலினைக்கொண்டு கொய்னா மருந்து செய்ய முயன்று தவறி, ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது 18. எம்மினும் ஓராண்டு இளையவர்! யாம் இதுவரை கண்டெடுத்தது விடுதிக் குழம்பிற் கல் ஒன்றே.

அதன்பின் ஜெர்மானியர் நீலத்தையே செய்ய முனைந்தனர். அடால்ப் பான் பேயர் பல்லாண்டு உழைத்து 1883-இல் நீல மூலக்கூற்றின் அமைப்பைக் கண்டறிந்தார். 1905-இல் நோபல் பரிசும் பெற்றார். ரைன் நதிக்கரையிலுள்ள லுட்விக்ஸ்ஹாபன் நகரத்துப் பி.ஏ.எஸ்.எப். தொழிலகம், தாரினின்று பெற்ற நாப்தலீனை முதற்பொருளாகக் கொண்டு நீலத்தைச் செய்து, 1897-இற் சந்தைக்கு அனுப்பிற்று. சில ஆண்டுகளில் அனிலினை முதற்பொருளாகக் கொண்ட முறை தலையெடுத்தது. தோட்டத்து நீலம் விலைபோகாமல் வீழ்ந்தது. புதுச்சேரியிற் சாயந்தோய்த்த நீலத்துணி கடல் கடந்து செனகல் நாடு வரை சென்று விற்ற காலமும் ஒன்று இருந்தது. எம் பாட்டனாரின் தொட்டி மண்மூடியதற்குக் காரணம் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் இடையிற் புகுந்த வீடும் மாறிற்று. தாரின் இடத்தைப் பெட்ரோலியம் கவர்ந்தது. பெட்ரோலியத்தினின்று பென்சீன், பென்சீனினின்று அனிலின், அனிலினினின்று நீலம். அந்நீலத்தின் மிகப் பெரும்பகுதி ஜீன்ஸ் துணிக்கு. இதுவே எம் இடுப்பில் இருந்த விடை.

அங்ஙனமாயின் இப்போது வேறு வழி தேடுவது ஏன்? இதனை உணர்த்த எம் தோழர் கூறிய வேறுபாடு எம் மனத்திற் பதிந்துவிட்டது. விளக்கெரிப்பதற்கும் வண்டியோட்டுவதற்கும் நாம் வேண்டுவது ஆற்றலேயன்றிக் கரியன்று. வெயிலும் காற்றும் அருவியும் அவ்வாற்றலைத் தரும். கரியை அங்கே அறவே விலக்கிவிடலாம். சாயத்திற்கும் மருந்திற்கும் பிளாஸ்டிக்கிற்கும் நுரைமெத்தைக்கும் அஃது இயலாது. அவற்றின் உடலே கரி. கரியில்லாத நீலம் வேண்டுமென்பது பஞ்சில்லாத பருத்தித்துணி வேண்டுமென்பது போலாம். எனவே இரசாயனத் தொழிலின்முன் நிற்கும் வினா கரி வேண்டுமா, வேண்டாவா என்பதன்று. எந்தக் கரி என்பதே.

நிலத்தடிக் கரி, பலகோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்களும் செடிகொடிகளும் சேர்த்துவைத்த சேமிப்பு. அதனை எடுத்துப் பொருள் செய்கிறோம். அப்பொருள் என்றேனும் ஒருநாள் குப்பையில் எரிந்தோ மட்கியோ கரியமிலவாயுவாய் வானிற் கலக்கின்றது, அங்கு முன்னில்லாத பாரம் ஏறுகின்றது, பூமி வெப்பமடைகின்றது. செடியின் கரியோ சென்ற ஆண்டு வானினின்று இழுத்த வாயுவே. அது மீண்டும் வானுக்குச் சென்றாலும் கணக்கு ஏறத்தாழ நேராகும். முன்னது முதலைத் தின்பது. பின்னது வருவாயால் வாழ்வது. பயிரிடுதற்கும் உரத்திற்கும் ஆலை ஓட்டுதற்கும் ஆகும் எரிபொருளையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்று தோழர் எச்சரித்தார். அதனையும் மறவாது ஈண்டு எழுதுகின்றோம்.

இவ்வழியில் உலகம் நடக்கத் தொடங்கிவிட்டது. பிரேசில் நாட்டுத் திரியும்போ என்னும் இடத்தில் 2010-இற் பிராஸ்கெம் தொழிலகம் திறந்த ஆலை, கரும்புச் சாராயத்தினின்று ஆண்டுக்கு 2,00,000 டன் எத்திலீன் செய்யவல்லதாய் அமைந்தது. எத்திலீனே பாலித்தீனுக்குத் தாய்ப்பொருள். நம் நாட்டிலேயே உத்தராகண்டத்துக் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் தொழிலகம், சர்க்கரை ஆலையிற் கழிவாகும் கரும்புப் பாகினின்று சாராயம் வடித்து, அதனினின்று கிளைக்கால் என்னும் பொருளைச் செய்து புகழ்பெற்றது. சீனத்தில் 2018-இல் ஓர் எஃகாலையின் புகைபோக்கியில் வீணாகும் வாயுவை நுண்ணுயிர்களுக்கு ஊட்டிச் சாராயம் பெறத் தொடங்கினர். எம் உள்ளத்தை எல்லாவற்றினும் கவர்ந்தது ஒன்று: ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் கொவெஸ்ட்ரோ தொழிலகம் 2024-இல் ஒரு சோதனை ஆலையைத் திறந்தது. அங்கு நுண்ணுயிர்கள் தாவரச் சர்க்கரையை உண்டு ஓர் இடைப்பொருளைத் தருகின்றன. அதனினின்று அனிலின் செய்கின்றனர். அவுரியிற் பிறந்து, தாரிற் புகுந்து, பெட்ரோலியத்தில் வாழ்ந்த அனிலின், இருநூறு ஆண்டு நிறைவெய்தும் தறுவாயிற் பிறந்த வீட்டை நோக்கித் திரும்புகின்றது!

இவ்வளவும் கற்றபின் எம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பாட்டனாரைத் தொலைபேசியில் அழைத்துக் கையெழுத்திடுமாறு மீண்டும் வற்புறுத்தவே எண்ணினோம். அவ்வேளையில் நூலகத்தின் சரித்திரப் பகுதியில் வேறொரு நூல் எம் கையைப் பிடித்து நிறுத்திற்று.

செடியினின்று வந்த நீலம் மாசற்றதாய் வந்ததன்று. வங்காளத்தில் தோட்டக்காரத் துரைமார் முன்பணம் கொடுத்துக் குடியானவரைக் கடனிற் பிணித்து, நெல் விளையும் நிலத்தில் நீலம் விதைக்குமாறு நெருக்கினர். 1859-இற் குடியானவர் விதைக்கமாட்டோமென்று கிளர்ந்தெழுந்தனர். அக்கொடுமையைத் தீனபந்து மித்திரர் 1860-இல் 'நீல தர்ப்பணம்' என்னும் நாடகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்திற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் என்னும் மிஷனெரி, 1861-இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் பெற்றார். பீகாரின் சம்பாரணிலோ ஒவ்வொரு 20 பங்கு நிலத்திலும் 3 பங்கில் நீலம் விதைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. ஜெர்மானிய நீலம் வந்து விலை வீழ்ந்தபோது, துரைமார் அக்கட்டினின்று விடுவிப்பதாகக் கூறி, அதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்தினர். விளைந்தபோதும் இழப்பு உழவனுக்கே; வீழ்ந்தபோதும் இழப்பு உழவனுக்கே. 1917-இற் காந்தியடிகள் அங்குச் சென்றதும், மறு ஆண்டே சட்டத்தால் அக்கட்டு அறுந்ததும் யாவரும் அறிவர்.

நூலை மூடிவிட்டு எம் சட்டைப்பையிலிருந்த ஒப்பந்தப் படியை எடுத்து மீண்டும் படித்தோம். முன்பணம் இருந்தது. அவர் குறிக்கும் விலை இருந்தது. நிலம் முழுவதும் என்ற சொல்லும் இருந்தது. அந்த வணிகர் துரையல்லர். அவர் கையிற் சவுக்கும் இல்லை. அவரைக் கொடியவர் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. ஆயினும் கோடையில் அதே வரிகளை வாய்விட்டுப் படித்துப் பொருள் சொன்ன யாம், அவற்றின் பொருளை அறிந்தோமில்லை! உலக நன்மை என்ற ஒரு சொல்லில் மயங்கி, எழுபத்தாறு வயதுக் கிழவரின் நிலத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னோம். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி ஞாயிறுப் பள்ளியிற் கற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று நாணினோம்.

நடுங்கும் கையோடு தொலைபேசியை எடுத்து, "தாத்தா, கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?" என்றோம்.

"இல்லை" என்றார் அவர்.

"நல்லதாயிற்று. ஆனால் நான்தானே போடச் சொன்னேன்?"

"நீ சொன்னது மெய்தான். ஆனால் நீ படித்துச் சொன்னதிலே, மழை பொய்த்துப் போனால் இழப்பு யாருக்கு என்ற பேச்சே வரவில்லையே! அந்த வரி எங்கே என்று தேடிப் பார்க்கும்படி உன்னை மறுபடி கேட்கலாம் என்று வைத்திருந்தேன்" என்றார்.

ஆங்கிலம் அறியாத அவர், இல்லாத வரியைப் படித்திருந்தார். ஆங்கிலம் அறிந்த யாம் இருந்த வரிகளைக்கூடப் படித்தோமில்லை.

அதன்பின் யாம் ஊர் சென்று, பாட்டனாரோடு வணிகரைக் கண்டு பேசினோம். மூன்று கேட்டோம்: விலையை விதைக்குமுன்பே எழுதித் தரவேண்டும், சாயம் எடுத்த சக்கையை எருவாக நிலத்திற்கே திருப்பித் தரவேண்டும், மழை பொய்த்தால் இழப்பிற் பாதியை அவர் ஏற்கவேண்டும். முதல் இரண்டிற்கும் இசைந்தார், மூன்றாவதற்கு இசையவில்லை. "அப்படியானால் நான் தாங்கக்கூடிய அளவுக்கே விதைப்பேன்" என்று பாட்டனார் அரை ஏக்கரில் மட்டும் அவுரி விதைத்தார். மற்ற இரண்டரை ஏக்கரும் உணவுக்கும் மணிலாவுக்குமே நின்றன.

யாம் தேர்ந்த முடிபும் அவ்வரை ஏக்கரின் அளவினதே. நிலத்தடிக் கரியை விட்டு நீங்குதல் வேண்டும், இதில் ஐயமில்லை. ஆனால் உலகம் உடுத்தும் ஜீன்ஸ் துணி அனைத்திற்கும் அவுரித் தழையாலேயே நீலம் ஊட்டப் புகுந்தால், சோறு விளையும் நிலத்தைச் சாயம் விழுங்கிவிடும். ஆதலின் கழிவினிடத்தே முதலிற் கை நீட்டுவதுதான் முறை. வைக்கோலும் கரும்புச் சக்கையும், ஆலைப் புகையும், பயன்பட்டுக் கிழிந்த பிளாஸ்டிக்கும் எரிந்து வீணாகும் கரியன்றோ? நிலக்கரித் தாரும் ஒருகாலத்தில் எவரும் வேண்டாத கழிவாகவே கிடந்தது. அதனினின்றே ஒரு பெருந்தொழில் எழுந்தது. கழிவிற் பொருள் காணும் அக்கண் இன்றும் வேண்டும். அதனோடு, வயலினின்று கரியைக் கேட்கும்போது, அவ்வயலில் நிற்பவனைக் காணும் கண்ணும் வேண்டும். முன்னது இரசாயன மாணாக்கர் கடன். பின்னது எம்போன்றோர் கடன். ஓர் அறையில் இருவரும் கூடி வாழ்வதற்குக் கல்லூரி விடுதியினும் ஏற்ற இடம் யாது?

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அறைத்தோழரையும் ஊருக்கு அழைத்துச் சென்றோம். தழையெல்லாம் வணிகருக்குச் சென்றுவிட்டது. பாட்டனார் எமக்காக ஒரு கட்டு மட்டும் நிறுத்தி வைத்திருந்தார். பழைய தொட்டி நீர் தாங்காது விரிந்துபோயிருந்ததால், ஓர் அண்டாவில் ஊறவைத்தோம். மறுநாள் தழையை அகற்றி, சிறிது சுண்ணாம்பு நீர் சேர்த்து, மூவரும் மாறி மாறிக் கையால் அடித்தோம். பச்சையாய் இருந்த நீர் காற்றுப் பட்டுப் பட்டு நுரைத்து, எம் கண்முன்னே நீலமாயிற்று. மூலக்கூற்றின் படத்தைத் தாளில் நூறு முறை எழுதிய எம் தோழர் வாய் பேசாது நின்றார். பாட்டனாரும் தம் வாழ்நாளில் அன்றுதான் அதனை முதன்முறை கண்டார்.

விரல்களில் ஏறிய நீலம் கல்லூரி திறந்து ஒரு வாரம் வரை போகவில்லை. வகுப்பிற் பேராசிரியர் கண்டு, "மை கொட்டிவிட்டதோ?" என்றார். "இல்லை ஐயா, பாடம் படித்தது" என்றோம்.